சான் மார்க்கோ பீடப்படம் ஏன் இப்படி வெளிறிக் கிடக்கிறது? (ஃப்ரா ஆஞ்சலிகோ – விவாத இழை)

திண்ணைவாசகி
ஃப்ளோரன்ஸ் சான் மார்க்கோ மடத்துப் பெரிய பீடப்படத்தையும் (கோயில் பீடத்தின் மேல் வைக்கும் பலகை ஓவியம், 1438–1443), மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ள மங்கள வார்த்தைப் படத்தையும் (வானதூதர் மாதாவுக்குச் செய்தி சொல்லும் காட்சி) பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஃப்ரா ஆஞ்சலிகோ என்ற ஒரே துறவியின் கை. மாட்ரிட் படத்தில் நீலம் ஒளிவிடுகிறது, மாதாவின் கன்னத்தில் ரத்த ஓட்டம் தெரிகிறது. சான் மார்க்கோவில் முகமெல்லாம் சுண்ணாம்பு பூசிய மாதிரி தட்டையாக இருக்கிறது. வயசாக ஆகக் கை தளர்ந்துவிட்டதா? சீடர்களிடம் விட்டுவிட்டாரா? அந்தப் படத்தைத்தான் அவருடைய முக்கியமான வேலை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு விளங்கவில்லை.

பலகைமுகம்
கை தளரவில்லை. நீங்கள் பார்ப்பது பாதிப் படம். 19ஆம் நூற்றாண்டில் காஸ்டிக் சோடா போட்டுக் கழுவியதில் மேல்தோல் உரிந்துபோன பலகை அது.

முட்டைச் சாயத்தில் முகம் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் எது போனது என்பது விளங்கும். முதலில் ஈய வெள்ளை கொஞ்சம் கலந்த பச்சை மண்ணை இரண்டு பூச்சு கொடுப்பார்கள். முகம் முழுவதும் நோயாளி மாதிரி பச்சையாக இருக்கும். நிழல் விழும் இடங்களை அதன்மேல் கருமை கலந்த பச்சையால் வரைவார்கள். அப்புறம் கன்னத்துக்கும் உதட்டுக்கும் இளஞ்சிவப்பு. அதற்குப் பிறகுதான் மூன்று கிண்ணங்களில் மூன்று அளவு வெளுப்புள்ள சதை நிறம் வைத்துக்கொண்டு, ஒன்றின் விளிம்பை மற்றதோடு இணைத்து, மெல்லிய கோடு கோடாக இழுப்பது. கடைசியில் மூக்கு நுனியிலும் கண்ணிமை மேலும் வெள்ளைப் புள்ளி. உயிர் இருப்பது இந்தக் கடைசி இரண்டு படிகளில். தடிமன் என்று பார்த்தால் அவைதான் மிக மெல்லியவை.

முட்டை மஞ்சள் கரு காய்ந்தால் நீருக்கு அசையாது. காரத்துக்கு அசையும். மேலே இருந்த பழைய வார்னிஷ் பழுப்பைக் கரைக்கக் காஸ்டிக் சோடா தேய்க்கும்போது, அது வார்னிஷோடு நிற்பதில்லை. மஞ்சள் கருவின் கொழுப்பைச் சவர்க்காரமாக்கி, புரதத்தையும் அறுக்கிறது. பற்றுக்கோடு போன நிறத்துகள் துணியோடு வந்துவிடும். வழிக்கிற ஆளுக்கு "அழுக்கு வருகிறது" என்றுதான் தோன்றும். வந்தது கன்னம்.

நீலக்கல்
பலகைமுகம் சொன்னதோடு ஒன்று சேர்க்கணும். அந்தப் படத்தின் அடிவரிசைப் பலகைகளுக்கு இந்தக் கதி வரலை. பிரெதெல்லா என்பாங்க, பெரிய படத்துக்குக் கீழே, பீடத்தின் மேசையை ஒட்டி ஓடும் சின்னச் சின்ன காட்சிகள். மொத்தம் ஒன்பது. மடத்துச் சொத்துக்கள் கலைக்கப்பட்ட காலத்தில் சிதறி வெவ்வேறு கைகளுக்குப் போனதால், பெரிய பலகைக்கு நடந்த கழுவலில் இவை மாட்டவில்லை. மியூனிக்கில் இருக்கும் நாலையும் பாருங்க திண்ணைவாசகி. சாதிலிங்கச் சிவப்பு எப்படி நிக்குதுன்னு தெரியும். பெரிய பலகையும் ஒருகாலத்தில் அந்த நிறத்தில்தான் இருந்தது.

மடவாசல்
ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி சொன்னதை மறந்துவிடக் கூடாது நண்பர்களே. இவர் செபம் செய்யாமல் தூரிகையைத் தொட்டதில்லை, சிலுவைக் காட்சி வரையும்போது கண்ணீர் விடாமல் இருந்ததில்லை, ஒருமுறை வரைந்ததைத் திருத்தியதே இல்லை, இறைவன் அப்படித்தான் நினைத்தார் என்று விட்டுவிடுவார் என்கிறார். அப்படிப்பட்டவரின் படத்தைச் சோடாவால் தேய்த்தார்கள் என்பதைப் படிக்கவே மனம் பதறுகிறது. இவரை 1982இல் அருளாளராகவும், 1984இல் கலைஞர்களின் பாதுகாவலராகவும் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அறிவித்தது சும்மா இல்லை.

கணக்கர்
மடவாசல் ஐயா, பக்தியில் சந்தேகமில்லை. ஆனால் வசாரியின் நூல் வந்தது 1550இல். ஃப்ரா ஆஞ்சலிகோ ரோமில் இறந்தது 1455இல். 95 ஆண்டு இடைவெளி. மடத்தில் வாய்மொழியாக வந்ததை வசாரி எழுதினார். அவரைப் புரிந்துகொள்ள ஆவணங்கள் வேறு உதவி செய்கின்றன.

குய்டோ தி பியேத்ரோ என்ற பெயரில், முகெல்லோ பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஓவியராக 1417இல் ஒரு பக்த சபையில் சேர்கிறார். 1418இல் ஃப்ளோரன்ஸ் கோயில் ஒன்றில் வரைந்ததற்குக் கூலி பெறுகிறார். 1423இல் வரும் பதிவில் அவர் ஃப்ளோரன்சுக்கு அருகிலுள்ள ஃபியெசோலே சான் தொமெனிக்கோ மடத்து ஃப்ரா ஜொவானி. அதாவது தொழில் கற்ற ஓவியராகத்தான் மடத்துக்குள் போனார். அண்ணன் தம்பி இருவருமே அங்கே. பெனெதெத்தோ பாட்டுப் புத்தகங்களை எழுதும் எழுத்தர். "ஆஞ்சலிகோ" இறந்த பிறகு ஒட்டிய பெயர்.

1433 ஜூலையில் லினன் வியாபாரிகள் சங்கம், கதவுகள் வைத்த பெரிய மாதா படம் ஒன்றுக்கு அவரோடு போட்ட ஒப்பந்தம் இருக்கிறது. உள்ளும் புறமும், கிடைப்பதிலேயே உயர்ந்த தங்கம், நீலம், வெள்ளி கொண்டு வரையவேண்டும். கூலி 190 தங்க ஃப்ளோரின், "அல்லது அவர் மனச்சாட்சிக்குத் தகுந்தபடி அதைவிடக் குறைவு". பளிங்குச் சட்டத்தை வடிவமைத்தவர் சிற்பி கிபெர்த்தி. கதவுகளைத் திறந்தால் யோவான் இருவர், மூடினால் மாற்கும் பேதுருவும். வியாபாரிகளின் பாதுகாவலர் மாற்கு என்பதால் வெளியே அவர்தான் வீதியைப் பார்த்து நிற்கிறார். மனச்சாட்சி என்ற சொல்லை ஒரு கூலி ஒப்பந்தத்தில் எழுத வியாபாரிகளுக்குத் தோன்றியதென்றால், எதிரே நிற்பவர் துறவி என்பதால்தான்.

திண்ணைவாசகி
190 ஃப்ளோரின் யாருக்குப் போகும்? வறுமை வாக்குக் கொடுத்தவர் ஆச்சே.

கணக்கர்
மடத்துக்கு. இவர் சார்ந்தது சாமிநாதர் (தொமினிக்கன்) சபையில் கடுமையான ஒழுங்கைப் பிடித்த பிரிவு. தனிச்சொத்து கிடையாது. ஆனால் உதவியாளர்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். ஒர்வியேத்தோ பேராலயத்தில் 1447இல் இவருக்கு ஆண்டுக்கு 200 டுக்காத் (தங்கக் காசு), கூட வந்த உதவியாளர் பெனொத்சோ கொத்சோலிக்கு மாதம் 7. ஒரு கோடைக்காலம் வேலை செய்து, விதானத்தில் இரண்டு பகுதி முடித்துவிட்டுப் போனவர் திரும்பவில்லை. மீதியை ஐம்பது ஆண்டு கழித்து லூக்கா சின்யோரெல்லி வரைந்தார். 1450இல் ஃபியெசோலே மடத்தின் தலைவர். 1452இல் பிராத்தோ நகரத்தார் வந்து கோயில் சுவர் ஓவியம் கேட்டபோது மறுத்துவிட்டார். அந்த வேலை ஃபிலிப்போ லிப்பிக்குப் போனது. வேலை எடுக்கவும் விடவும் தெரிந்த நிர்வாகி.

நீலக்கல்
"உயர்ந்த நீலம்" ஒப்பந்தத்தில் ஏன் வருதுன்னு சொல்றேன். ஆப்கான் பதக்‌ஷான் மலையிலிருந்து வந்த லாபிஸ் லசூலி கல்தான் அல்ட்ராமரைன். அரைத்துப் போட்டால் சாம்பல் நிறம்தான் வரும், ஏன்னா கல்லில் வெள்ளைக் கால்சைட்டும் தங்கநிறப் பைரைட்டும் கலந்திருக்கு. நீலத்தை மட்டும் பிரிக்கணும். சென்னீனோ சென்னீனி என்ற ஓவியர் 1400 வாக்கில் எழுதின கைநூலில் முறை இருக்கு: ஒரு பவுண்டு கல்தூளுக்கு ஆறு அவுன்சு பைன் பிசின், மூணு அவுன்சு மாஸ்டிக் பிசின், மூணு அவுன்சு புது மெழுகு. உருக்கி வடிகட்டி, தூளைச் சேர்த்து மாவு மாதிரி உருண்டை பிடிக்கணும். குறைஞ்சது மூணு நாள், தினமும் பிசைஞ்சு வைக்கணும். அப்புறம் வெதுவெதுப்பான சாம்பல் காரநீரில் அந்த உருண்டையை இரண்டு குச்சியால் பிசைஞ்சுகிட்டே இருந்தா, நீலம் மட்டும் நழுவி நீரில் இறங்கும். அழுக்கும் கால்சைட்டும் பிசினிலேயே ஒட்டிக்கிடக்கும்.

முதல் நீர் ஆழ்ந்த ஊதா சாய்ந்த நீலம். இரண்டாவது அடுத்த தரம். போகப் போக வெளிறி, கடைசியில் சாம்பல். ஒரே கல், நாலஞ்சு விலை. அதனால்தான் கொடுப்பவர் "சிறந்தது" என்று எழுதி வாங்கினார். ஏமாற்ற நினைச்சா கீழே அசூரைட் என்ற மலிவான நீலத்தைப் பூசி மேலே கொஞ்சம் அல்ட்ராமரைன் இழுத்துவிடலாம். அது எப்பவும் மோசடியில்லை, சிக்கனத்துக்கும் அப்படிச் செய்வாங்க. மாதாவின் மேலாடைக்கு முதல் நீர், தூரத்து வானத்துக்குக் கடைசி நீர்.

முட்டை விஷயத்திலும் சென்னீனி நுட்பம் பார்க்கிறார். இளைஞர், பெண்கள் முகத்துக்கு நகரக் கோழியின் முட்டை, மஞ்சள் கரு வெளிறியிருக்கும். முதியவர் முகத்துக்கு நாட்டுப்புறக் கோழி, கரு சிவந்திருக்கும்.

பலகைமுகம்
படம் வரைவது கடைசி வேலை. அதற்கு முன்பு நடப்பதைத் திண்ணைவாசகிக்குச் சொல்லிவிடுகிறேன், சேதம் எல்லாமே அங்கிருந்துதான் பிறக்கிறது.

பலகை பாப்ளர் மரம். இத்தாலியில் மலிவு, அகலமாகக் கிடைக்கும், ஆனால் மென்மை. உளு எளிதில் விழும். பலகைகளைப் பாலாடைக்கட்டியும் சுண்ணாம்பும் சேர்ந்த பசையால் விளிம்போடு விளிம்பு ஒட்டி, பின்னால் குறுக்குச் சட்டம் அடிப்பார்கள். மரம் ஈரத்துக்கு நார் குறுக்கே விரிந்து சுருங்கும். பின்சட்டம் அதை அசையவிடாமல் பிடிக்கும். எங்காவது கிழிந்தாக வேண்டும், கிழிவது இணைப்புக் கோட்டில். பல பீடப்படங்களில் மேலிருந்து கீழே நேராக ஓடும் வெடிப்பின் காரணம் இதுதான்.

அடுத்தது வச்சிரப் பசை. ஆட்டுத் தோல் துண்டுகளைக் காய்ச்சி எடுத்தது. முதலில் தண்ணியாக ஒரு பூச்சு, பிறகு கெட்டியாக. அதன்மேல் பழைய மெல்லிய லினன் துணித் துண்டுகளை அதே பசையில் நனைத்து ஒட்டுவார்கள். மரம் நகர்ந்தாலும் மேலே வரும் பூச்சு உடனே வெடிக்காமல் துணி தாங்கும்.

பிறகு ஜிப்சம் பூச்சு. முதலில் கரடு ஜிப்சம், மேலே மெல்லிய ஜிப்சம் எட்டு கை. இந்த மெல்லியது எப்படி வருகிறது? சுட்ட ஜிப்சத்தை நிறையத் தண்ணீரில் போட்டு ஒரு மாதம் தினமும் கிளறவேண்டும். கிளறாவிட்டால் அடியில் பாறையாக இறுகிவிடும். கிளறினால் இறுகும் குணமே செத்துப்போய் பட்டு மாதிரி ஆகிவிடும். எட்டுக் கையையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும், தேவைப்பட்டால் இரவு விழித்திருந்தாவது. முந்தைய கை முழுக்கக் காய்ந்துவிட்டால் அடுத்தது அதோடு கலக்காமல் தனித் தோலாக நிற்கும்.

எல்லோரும் இடறும் இடம் ஒன்று: மேல் பூச்சின் பசை கீழ்ப் பூச்சின் பசையைவிட வலுவாக இருக்கக் கூடாது. வலுவாக இருந்தால், காயும்போது சுருங்கி, கீழே இருப்பதைப் பிய்த்துக்கொண்டு மேலெழும்பும்.

காய்ந்ததும் கரித்தூளைத் துணியில் முடிந்து பலகை முழுவதும் தட்டுவார்கள். தட்டை இரும்பால் மெல்லச் சுரண்டும்போது, கரி எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே பள்ளம். கரி முழுவதும் போனால் சமம். தந்தம் மாதிரி ஆகிவிடும்.

ரேக்கு
தங்கம் என் பங்கு.

பூச்சின் மேல் செங்களி. முட்டை வெள்ளைக் கருவை நுரைக்க அடித்து, ஒரு இரவு தண்ணீரோடு வைத்து, தெளிந்து இறங்கியதை எடுத்து அதில் செங்களியை அரைப்பார்கள். நாலு கை. தங்கத்துக்குக் கீழே சிவப்பு இருந்தால்தான் சூடு தெரியும். தங்கம் தேய்ந்த இடத்தில் சிவப்பாகத் தெரிவது அதுதான்.

ரேக்கு, அதாவது மெல்லிய தாளாக அடித்த தங்கம், ஒவ்வொன்றாக. களியை ஈரப்படுத்தி, தாள் அட்டையில் ஏந்திய ரேக்கை நழுவவிட்டால் ஈரம் உறிஞ்சிக்கொள்ளும். விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறவேண்டும். சென்னீனி கணக்கில் ஒரு டுக்காத் காசிலிருந்து 100 ரேக்குதான் அடிக்கவேண்டும், ஆனால் 145 வரை அடிக்கிறார்கள் என்று குறைப்படுகிறார். மெலிந்தால் மெருகு ஏறாது, பொத்தல் விழும்.

மெருகேற்றுவது ஹேமடைட் கல்லாலோ, நாய் அல்லது சிங்கம் போன்ற ஊன் தின்னும் விலங்கின் பல்லாலோ. இங்கே நேரம்தான் எல்லாம். களி இன்னும் ஈரமாக இருந்தால் கல் தங்கத்தையே உரித்துக்கொண்டு வரும். மிகக் காய்ந்துவிட்டால் பளபளப்பு ஏறாது, கீறல் விழும். கோடையில் ரேக்கு இட்ட பலகையை ஈரமான நிலவறையில் வைத்துக் காப்பாற்றுவார்கள். மெருகேறிய தங்கம் கண்ணாடி மாதிரி. நேராகப் பார்த்தால் கருப்பாகக்கூடத் தெரியும். அதனால் அதில் முத்திரை குத்தி, கோடு கீறினால்தான் ஒளி உடையும். ஃப்ரா ஆஞ்சலிகோவின் மாதா முடிசூட்டுப் படத்தில், உஃபிட்சி அருங்காட்சியகத்தில் இருப்பது, தங்கம் முழுவதும் கதிர் கதிராகக் கீறியிருப்பார். மெழுகுவர்த்திச் சுடர் அசைந்தால் ஒவ்வொரு கதிரும் தனித்தனியாக மின்னும். மின்விளக்கு அடித்த புகைப்படத்தில் இது வராது.

மடவாசல்
இவ்வளவு உழைப்பும் செபத்தோடு நடந்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். ஒன்று கேட்கிறேன்: முன்பு ஃப்ளோரன்சில் லொரென்சோ மொனாக்கோ என்ற துறவியும் பீடப்படம் வரைந்தார். அவருக்கும் இவருக்கும் தொடர்பு உண்டா?

கணக்கர்
உண்டு, ஒரே பலகையில். லொரென்சோ கமால்தோலி சபையின் துறவி. 1390இல் சாந்தா மரியா தெலி ஆஞ்செலி மடத்தில் நுழைந்தவர். சாந்தா திரினித்தா கோயிலில் ஸ்திரோத்சி குடும்பத்தின் பீடப்படத்தைத் தொடங்கி, உச்சிக் கூம்புகள் மூன்றையும் முடித்துவிட்டு 1425 வாக்கில் இறந்துவிட்டார். மீதியை ஃப்ரா ஆஞ்சலிகோ 1432 வாக்கில் முடித்தார்.

சிக்கல் எதுவென்றால், பலகையின் மேல்விளிம்பு மூன்று கூரிய வளைவுகளாக ஏற்கனவே வெட்டப்பட்டுவிட்டது. பழைய வழக்கப்படி மூன்று வளைவுக்கு மூன்று தனிப் படங்கள் வரவேண்டும். இவர் அதற்குள் ஒரே நிலம், ஒரே வானம், சிலுவையிலிருந்து ஆண்டவரை இறக்கும் ஒரே காட்சி என்று வைத்தார். நடுவளைவுக்குள் சிலுவையும் இரண்டு ஏணிகளும் எழுந்து நிற்கின்றன. இடப்பக்கம் ஒரு நகரமும் வலப்பக்கம் குன்றுகளும் ஓரத்து வளைவுகளை நிரப்புகின்றன. மேலே லொரென்சோவின் கூம்புகளில் உயிர்ப்பும் அதையொட்டிய காட்சிகளும். இறந்தவர் போட்டுவைத்த சட்டத்துக்குள் வேறு தலைமுறையின் படம் பொருந்தி நிற்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பலகைமுகம்
அந்த ஒரே நிலம் என்ற யோசனை சான் மார்க்கோவில்தான் முழுதாக வந்தது. பழைய பீடப்படம் என்றால் நடுவே மாதா, இரு புறமும் தனித்தனிக் கட்டங்களில் புனிதர்கள், பின்னால் தங்கம். சான் மார்க்கோவில் ஏறக்குறைய 220க்கு 227 சென்டிமீட்டர் சதுரப் பலகை ஒன்றே. எல்லோரும் ஒரே கம்பளத்தின் மேல் நிற்கிறார்கள். கம்பளத்தின் கோடுகள் உள்நோக்கி ஒடுங்கி மாதாவிடம் கண்ணைக் கொண்டுபோகின்றன. பின்னால் சைப்ரஸ் மரங்கள். முன்னால் மண்டியிடும் இருவர் மருத்துவப் புனிதர்களான கோஸ்மாசும் தமியானும், ஃப்ளோரன்சை ஆட்டிவைத்த மெதிச்சி குடும்பத்தின் பாதுகாவலர்கள், செலவு கோசிமோ தெ மெதிச்சியுடையது. கோஸ்மாஸ் நம்மைத் திரும்பிப் பார்த்து மாதாவைக் காட்டுகிறார். தமியானின் முதுகுதான் நமக்கு.

கீழ் விளிம்பில் நடுவே சின்னதாக ஒரு சிலுவைப் படம், படத்துக்குள் படமாக. அதற்கு நேர் கீழே, பிரெதெல்லாவின் நடுக்கட்டத்தில், கல்லறை வாயிலில் இயேசுவின் உடலைத் தாங்கி நிற்கும் காட்சி. அதற்கும் கீழே பீடத்தின் மேசை. குரு அப்பத்தை உயர்த்தும்போது கை எழும்பும் உயரம் அது. குழந்தை, சிலுவையில் தொங்கும் உடல், இறந்த உடல், அப்பம் என்று ஒரே நேர்க்கோடு. படத்தைப் பிரித்து அருங்காட்சியகச் சுவரில் மாட்டியபோது இந்தக் கோடுதான் அறுந்தது. நிறம் போனதைவிட இது பெரிய இழப்பு என்பது என் கருத்து.

திண்ணைவாசகி
பிரிந்த துண்டு இதே படத்தினுடையது என்று எப்படி நிச்சயமாகச் சொல்கிறார்கள்? பாணி ஒத்துப்போனால் போதுமா?

பலகைமுகம்
பாணி மட்டும் போதாது, பட்டறையில் எல்லோரும் ஒரே பாணி. மரத்தைத்தான் கேட்க வேண்டும். பிரெதெல்லா ஒரே நீளப் பலகையில் வரையப்படும், பிறகு ரம்பத்தால் அறுக்கப்பட்டது. எக்ஸ்ரேயில் மரநாரின் ஓட்டம் ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குத் தொடர்கிறதா என்று பார்க்கலாம். உளு குடைந்த பாதை ரம்ப வெட்டில் குறுக்கே அறுபட்டிருந்தால் வெட்டு பிற்காலத்தது. இன்னொன்று, சட்டத்தைப் பொருத்திய பிறகு ஜிப்சம் பூசியிருந்தால், சட்டம் இருந்த இடத்தில் பூச்சு உதடு மாதிரி சற்று மேடாக நிற்கும். அந்த உதடு இருக்கும் பக்கம் பழைய விளிம்பு, இல்லாத பக்கம் அறுத்த விளிம்பு.

இந்தச் சான்றைக் கெடுத்தது 19ஆம் நூற்றாண்டுப் பழக்கம் ஒன்று. வளைந்த பலகையை நிமிர்த்த, பின்புறத்தைச் சில மில்லிமீட்டராகச் செதுக்கி, மரச்சட்ட வலை ஒட்டுவார்கள். பின்பக்கத்துக் குறிகள், ஆணித் துளை எல்லாம் செதுக்கோடு போய்விடும்.

ரேக்கு
துண்டு எங்கே கிடைக்கும் என்று சொல்லவே முடியாது. இதே பீடப்படத்தின் பக்கத் தூண்களில் இருந்த சின்னப் புனிதர் படங்கள் இரண்டு, 2006இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு சாதாரண வீட்டில் கண்டுபிடிக்கப்பட்டன. மறு ஆண்டு 17 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போயின.

நீலக்கல்
மாட்ரிட் மங்கள வார்த்தைக்கு வேற வழி. ஃபியெசோலே மடத்தார் அதை 1611இல் விற்றாங்க, மணிக்கூண்டு கட்டப் பணம் வேணும்னு. ஸ்பெயினுக்குப் போய், 1861இல் பிராடோவுக்கு வந்தது. அடிவரிசைக் காட்சி ஐந்தும் அறுபடாமல் கூடவே இருக்கு. 2019இல் பழுதுபார்ப்பு முடிஞ்சது. திண்ணைவாசகி ஒளிவிடுதுன்னு சொன்ன நீலம் அப்போ மேலே இருந்த அழுக்கும் மாற்றுப்பூச்சும் எடுத்தபின் வந்தது. இந்தக் காலத்தில் அந்த வேலையை உருப்பெருக்கியின் கீழ், பஞ்சு சுற்றின குச்சியால், விரல்நகம் அளவு இடமா செய்றாங்க. கரைப்பானை ஓர் ஓரத்தில் சோதிச்சுப் பார்த்து, பஞ்சில் நிறம் ஏறினா அந்த நொடியே நிறுத்தணும்.

இன்னொரு பக்கமும் பாருங்க: அதே சான் மார்க்கோ மடத்தின் கூட்ட அறையில் பெரிய சிலுவைச் சுவர் ஓவியம் இருக்கு. வானம் செம்மண் நிறம். யாரும் கழுவிக் கெடுக்கலை. ஈரச் சுண்ணாம்பில் நீலம் நிக்காதுன்னு, காய்ந்த சுவரில் பசையோடு பூசினாங்க. பசை செத்ததும் நீலம் உதிர்ந்து, கீழே அடியாகப் பூசின சிவப்பு மட்டும் மிச்சம். சோகமான வானம் வரைஞ்சார்னு விளக்கம் எழுதுறவங்க இதைக் கவனிக்கணும்.

திண்ணைவாசகி
ஒன்பது துண்டும் எங்கெங்கே என்று வரிசையாகச் சொன்னால் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்ப்பேன்.

கணக்கர்
நடுக்கட்டம் தவிர எல்லாம் கோஸ்மாஸ், தமியான் கதை. இடமிருந்து வலமாக: பல்லாதியா என்ற பெண்ணைக் குணமாக்குவது வாஷிங்டனில். விசாரிக்கும் ஆளுநர் லீசியாஸ் முன் நிற்பதும், லீசியாசைப் பேய் பிடிப்பதும் மியூனிக்கில். நெருப்பில் எரிக்க முயன்று தோற்பது டப்ளினில். நடுவே கல்லறைக் காட்சி மியூனிக்கில். சிலுவையில் கட்டிக் கல்லெறிவதும் மியூனிக்கில். தலை வெட்டுவது பாரிஸ் லூவரில். அடக்கமும், கடைசியாகக் கால் மாற்றி வைக்கும் அற்புதமும் சான் மார்க்கோவிலேயே.

டப்ளின் துண்டில் தொடங்குங்கள். நெருப்பு புனிதர்களைத் தொடாமல் வெளிப்பக்கம் பாய்ந்து, எரிக்க வந்தவர்களைச் சுடுகிறது. அந்தச் சுடரின் கோடுகளை எண்ணிப் பாருங்கள், பிறகு பெரிய பலகையின் முகங்களுக்குப் போங்கள்.